இன்டர்வியூவுக்கு என்ன டிரஸ் போடணும்? புது கோட் வாங்கியே ஆகணுமா? முழு விவரம்

இன்டர்வியூ கால் வந்த சந்தோஷம் அடங்குறதுக்குள்ள அடுத்த கவலை வந்துடும்: 'என்ன டிரஸ் போடுறது?' கோட் இல்லாம போனா மதிக்க மாட்டாங்கன்னு யாராவது சொல்வாங்க. அதை நம்பி, கையில் காசில்லாத நேரத்தில் கடன் வாங்கி கோட் எடுப்பவர்களும் உண்டு. உண்மையில் அது தேவையா?

உடைக்கு மார்க் உண்டா?

சிவில் சர்வீஸ் நேர்முகத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 275 மதிப்பெண். எதையெல்லாம் பார்ப்போம் என்று யுபிஎஸ்சி தன் அறிவிக்கையிலேயே சொல்கிறது: மன விழிப்பு, தெளிவான பேச்சு, நிதானமான முடிவு, நேர்மை உள்ளிட்டவை. உடைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

அப்போ எதை வேணும்னாலும் போட்டுட்டுப் போகலாமா? கூடாது. உடை சரியா இருந்தா யாரும் அதைக் கவனிக்க மாட்டாங்க. சட்டை கசங்கி, பட்டன் அறுந்து இருந்தா, நீங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே கண்ணு அங்கதான் போகும்.

ஆண்கள் என்ன அணியலாம்?

வெளிர் நிறத்தில் முழுக்கை சட்டை, அடர் நிற பேன்ட், பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். கோட், டை கட்டாயமில்லை. அண்ணன் சட்டையா இருந்தாலும் பரவாயில்லை. தோளில் தொங்காம இருக்கணும். தொளதொளன்னு இருந்தா டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். புது சட்டையைவிட செலவு குறைவு.

பெண்கள் என்ன அணியலாம்?

புடவை, துப்பட்டாவுடன் சுடிதார், ஃபார்மல் சட்டை பேன்ட் என எதுவும் சரிதான். புடவை கட்டிப் பழக்கமில்லை என்றால், அன்றைக்கு முதல்முறை முயற்சிக்க வேண்டாம். கவனம் முழுக்க மடிப்பிலேயே இருக்கும். துப்பட்டாவை பின் குத்திக்கொள்வது நல்லது.

அரசு வேலைன்னா?

2019-ல் தமிழக அரசு, தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வெளியிட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டையுடன் ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி. இது ஊழியர்களுக்கான விதிதான். ஆனாலும் அரசு அலுவலகம் என்ன எதிர்பார்க்கிறது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

தனியார் நிறுவனம் என்றால், அழைத்த எச்.ஆரிடமே 'ஃபார்மல்ஸ்ல வரணுமா?' என்று கேட்டுவிடலாம். அதில் தப்பே இல்லை.

வெயில், பஸ் நெரிசல்... எப்படி சமாளிப்பது?

நம்ம ஊர் வெயிலில் பாலியஸ்டர் சட்டை புழுக்கமாக இருக்கும். காட்டனே நல்லது. தூரத்திலிருந்து வருபவர்கள் சாதாரண சட்டையில் பயணம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைப் பையில் மடித்து எடுத்துச் செல்லலாம். அரை மணி நேரம் முன்னாடியே போய் முகம் கழுவி, மாற்றிக்கொண்டால் போதும். சென்ட் அதிகம் வேண்டாம். மூடிய ஏசி அறையில் தலைவலியைக் கிளப்பிவிடும்.

ஆன்லைன் இன்டர்வியூவா?

நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலை அலையாகத் தெரியும். ஒரே நிற உடையே சிறந்தது. வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சட்டை வேண்டாம். மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்காரவும் வேண்டாம். நடுவில் எழுந்து கதவைச் சாத்த வேண்டி வரலாம்!

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

* முழு உடையையும் ஷூவோடு போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பட்டன் இழுத்துப் பிடித்தால் இப்போதே தெரிந்துவிடும்.
* புது சட்டை என்றால் விலைச் சீட்டு, காலர் அட்டையை எடுத்துவிடுங்கள்.
* நகம் வெட்டி, சாக்ஸில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.
* சான்றிதழ்களை ஒரே ஃபைலில் வையுங்கள்.

கோட்டுக்கு ஆகிற காசை முதல் மாச பஸ் செலவுக்கு எடுத்து வையுங்க. துவைச்சு, இஸ்திரி போட்டு, உடம்புக்குப் பொருந்துற சட்டை போதும். மிச்ச நேரத்தை, அந்த கம்பெனி என்ன வேலை பண்ணுதுன்னு படிக்கச் செலவிடுங்க.