வேகத்திற்கு முன் வெளிச்சம்

பழைய மோட்டார் சைக்கிளை மெருகேற்றுவது என்றாலே உயரமான கைப்பிடியும் பளபளக்கும் குரோமியமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

1958-இல் ஜார்ஜ் ஸ்மித் தொடங்கிய எஸ் அண்ட் எஸ் நிறுவனம், ஹார்லி இயந்திரத்திற்கு எடை குறைந்த புஷ்ராடுகளைச் செய்து விற்றது. வேகப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம்! ஆனால் அன்றைய பெரிய ஹார்லிகளில் இருந்தது 6 வோல்ட் மின்சாரம், விளக்கு மங்கல். முன்சக்கரத்தில் டிரம் பிரேக். நிறுவனமே 1965-இல் 12 வோல்ட்டுக்கும், 1972-இல் முன்சக்கர டிஸ்க் பிரேக்கிற்கும் மாறியது.

அந்தப் பழைய வண்டிகளை இன்றும் சாலையில் ஓட்டுவோர் பலர் இவ்விரண்டையும் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். குரோமியம் கண்ணுக்கு அழகு. வெளிச்சமும் பிரேக்கும் உயிருக்குக் காவல். கையிலுள்ள வெள்ளியை முதலில் எதில் போடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.