கூலிப்பாதையும் ஓட்ட ஆர்வலர்களும்

'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் சற்று இளப்பமாகவே ஆள்கிறோம். தொழில் தெரியாதவர், அரைகுறை என்னும் பொருள் அதன்மேல் ஏறிவிட்டது. ஆனால் பிரெஞ்சு மொழி வழியாக இலத்தீன் வரை சென்று பார்த்தால், அதன் வேர் 'நேசித்தல்' என்பதே. ஒரு செயலை அதன்மீது கொண்ட அன்பினால் மட்டுமே செய்பவர் அமெச்சூர். தமிழில் இதற்கு வழங்கும் 'ஆர்வலர்' என்ற சொல் இப்பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் இச்சொல்லை அன்புடையார் என்ற பொருளிலேயே ஆண்டிருக்கிறார்.

பரிசு கிட்டாது, நாளிதழில் பெயர் வராது என்று நன்றாக அறிந்திருந்தும், ஓட்டக்குழு ஒன்றில் சேர்ந்து, இளமையில் தொடங்கிய பழக்கத்தை முதுமை வரை கைவிடாமல் விடியற்காலையில் ஓடச் செல்லும் எளிய மனிதரை ஆர்வலர் என்று அழைப்பதே பொருந்தும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 5 கி.மீ. சாலையில் பனி விலகுமுன்பே இத்தகையோரைக் காணலாம். ஆனால் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இம்மலையில் வேறு கால்கள் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. அந்தக் கால்களை ஒதுக்கிவிட்டு ஓட்ட ஆர்வலரின் வரலாற்றை எழுதுவது முறையாகாது என்பதே நம் எண்ணம்.

அகநானூறு 'பொதினி' என்று குறிக்கும் பழனியின் பெயரையே இம்மலைத்தொடர் தாங்கியிருக்கிறது. பளியரும் புலையரும் குன்னுவரும் நெடுங்காலமாக இங்கு வாழ்ந்துவருபவர்கள். 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர், வெள்ளகவி என்னும் மலைச்சிற்றூரிலிருந்து மேலேறி, இன்று கொடைக்கானல் இருக்கும் பகுதியை அடைந்தார். அவர் 'கண்டறிந்தார்' என்று எழுதுவது வழக்கம். அவர் தங்கிப் புறப்பட்ட ஊரில் மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஊருக்குள் எவரும் செருப்பணிவதில்லை என்ற வழக்கத்தை வெள்ளகவி இக்காலம் வரை காத்துவந்திருக்கிறது. மலையின் முதற்பாதைகள் வெறுங்கால்களால் ஆனவை.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி உயிர் பிழைப்பது அவர்கள் நோக்கம். 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சின் முயற்சியால் ஏரி உருவானது. 1872-இல் கோக்கர்ஸ் வாக் அமைந்தது. ஊர் வளர்ந்தது, சாலை மட்டும் வரவில்லை. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக்கு வந்து, பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக ஏறவேண்டும். சுமார் 12 மைல் தூரம். ஏற்றமோ ஏறத்தாழ 1,800 மீட்டர். பழனிக் கோயில் குன்றைப் பன்னிரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற உயரம்!

வசதியுள்ளோர் மட்டக்குதிரையில் ஏறினர். மற்றவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும், டோலியிலும் நாற்காலியிலும் வைத்துச் சுமந்தவர்கள் கூலியாட்கள். அதனால்தான் அப்பாதைக்கு ஆங்கிலேயர் 'கூலி காட்' என்றே பெயரிட்டார்கள். அரிசி, மரச்சாமான், இரும்பு, கண்ணாடி என்று ஊருக்கு வேண்டிய எதுவும் மனித முதுகிலோ மாட்டின் முதுகிலோ ஏறியாக வேண்டும். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் இங்கு நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்து அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றதும் இங்கேதான். அவ்வாய்வுக்கூடத்தின் கருவிகளும் யாரோ சிலரின் தோளைக் கடந்தே வந்திருக்க வேண்டும். எவர்ஷெட்டின் பெயர் அந்த விளைவுக்கே சூட்டப்பட்டிருக்கிறது. தோள் கொடுத்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

இதே ஆண்டுகளில்தான் இங்கிலாந்தில் ஓட்டம் ஒரு கனவானின் பொழுதுபோக்காக வடிவெடுத்துக்கொண்டிருந்தது. 1866-இல் லண்டனில் அமெச்சூர் அத்லெடிக் கிளப் தோன்றியது. 1868-இல் தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டச் சங்கம் தொடங்கப்பட்டது. உலகில் இன்றுள்ள எண்ணற்ற ஓட்டக்குழுக்களுக்கெல்லாம் இதனை முன்னோடி எனலாம். இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. யார் அமெச்சூர் என்று வரையறுத்த அக்கால விதிகள், பணத்துக்காகப் போட்டியிடுபவரை மட்டும் விலக்கவில்லை. கைத்தொழிலாளி, கூலியாள் ஆகியோரையும் விலக்கின. உடலால் உழைத்துப் பிழைப்பவனுக்கு இயல்பாகவே கூடுதல் வலிமை இருக்குமாம். கனவான்களோடு அவன் போட்டியிடுவது நியாயமாகாதாம்! 1880-இல் ஆக்ஸ்போர்டில் உருவான அமெச்சூர் தடகளச் சங்கம்தான் ஓட்டப்பந்தயங்களில் இத்தடையை நீக்கியது.

இந்த விதியைக் கூலி காட்டில் வைத்துப் பார்த்தால் அதன் விபரீதம் விளங்கும். நாற்காலியில் அமர்ந்து மலையேறியவர் அமெச்சூர் ஆகலாம். அவரைச் சுமந்துகொண்டு 12 மைல் ஏறியவர் ஆகமுடியாது. அன்பைக் குறிக்கும் ஒரு சொல், ஓய்வுநேரம் படைத்தவர்களின் உடைமையாகச் சுருங்கிப்போன கதை இது.

சுமைகூலிகளைப் போலவே தபால் ஓட்டக்காரர்களையும் இங்கே நினைக்கவேண்டும். ரயிலும் வண்டியும் எட்டாத இடங்களுக்கு ஆங்கிலேய இந்தியாவின் அஞ்சலைச் சேர்த்தவர்கள் அவர்களே. சலங்கை கட்டிய ஈட்டியை ஏந்தி, விலங்குகளை ஒலியால் விரட்டியபடி காட்டுவழிகளில் ஓடினார்கள். வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா, இருபதாம் வயதில் 1947-இல் மறைவதற்குள், இத்தகைய ஓட்டக்காரன் ஒருவனைப் பற்றி 'ரானார்' என்ற கவிதையை எழுதினார். பிறர் பணத்தைச் சுமந்துகொண்டு தன் பசியோடு இரவெல்லாம் ஓடுபவன் அவன். ஹேமந்த் குமாரின் குரலில் அது பாடலாகவும் புகழ்பெற்றது. ஓட்டம் என்றால் உடல்நலம், மனமகிழ்ச்சி என்று மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, அது வயிற்றுப்பாடாகவும் இருந்தது என்பதை அக்கவிதை உணர்த்துகிறது.

அப்படியானால் மலையை அன்பினால் மட்டும் சுற்றியவர்கள் இங்கு இருந்ததில்லையா? இருந்தார்கள். 1901-இல் மார்கரெட் எடி தொடங்கிய மிஷனரிப் பிள்ளைகளின் பள்ளி, பிற்காலத்தில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்தது. மலைகளில் கால்நடையாகச் சென்று முகாமிடுவதை அப்பள்ளி தலைமுறைகளாக ஒரு மரபாகவே பேணிவந்தது. மலையின் மறுபுறத்திலோ இதைவிடப் பழமையான மரபு ஒன்றுண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு நகரத்தார் நாட்டிலிருந்து பழனிக்கு நடந்துவந்து, வழிபாடு முடிந்து நடந்தே திரும்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கூலிக்காக நடப்பவர்கள் அல்லர். ஒருவருக்கு அது பக்தி, மற்றவருக்கு மலைக்காதல். இரண்டிலும் கால் தன் விருப்பத்தால் நகர்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார் வண்டி ஏறும் மலைச்சாலை வந்தது. திட்டமிட்ட மேஜர் லாவின் பெயரால் அது 'லாஸ் காட்' எனப்பட்டது. கூலி காட்டில் சுமை குறைந்தது. அதன்பிறகே அப்பாதை பிழைப்பிலிருந்து விடுபட்டு, விரும்பி நடப்பவர்க்கும் ஓடுபவர்க்கும் உரியதாயிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவில் வேறொரு கதவும் திறந்தது. 1919-இல் புணேயின் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளில், வெறுங்காலுடன் ஓடிய விவசாயிகளின் வேகத்தைக் கண்டு தோராப்ஜி டாட்டா வியந்தார். அவருடைய முயற்சியால் 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்கள் சிலர் அனுப்பப்பட்டனர். பெல்காம் பகுதியைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே மராத்தானை 2 மணி 50 நிமிடம் 45 விநாடிகளில் ஓடி 19-ஆவது இடத்தைப் பெற்றார். பதக்கம் இல்லை. ஆயினும் உழைப்பாளியின் காலுக்கும் ஆர்வலரின் காலுக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் எத்தனை பொய்யானது என்று காட்ட அந்த ஓட்டமே போதும்.

இன்றைய ஓட்ட ஆர்வலர் இந்த இரு மரபுகளுக்கும் வாரிசு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகவே இருக்கும். சமவெளியிலிருந்து வரும் ஓட்டக்காரருக்கு முதல்நாள் ஏரியைச் சுற்றுவதே மூச்சிரைப்பாகிவிடும். சில வாரங்கள் தங்கினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகி உடல் பழகிக்கொள்ளும். ஏறத்தாழ இதே உயரத்திலுள்ள உதகையில் தேசிய வீரர்கள் பயிற்சி பெற்றிருப்பதும் இக்காரணத்தாலேயே. ஆர்வலருக்கோ பதக்கக் கணக்கு இல்லை. வயது ஏற ஏற நேரம் கூடும், வேகம் குறையும். அவர் போட்டியிடுவது நேற்றைய தம்மோடு மட்டுமே.

பஞ்சாபில் பிறந்த விவசாயி ஃபவுஜா சிங் 89 வயதில் லண்டனில் தம் முதல் மராத்தானை ஓடினார். 2011-இல், நூறு வயதில், டொராண்டோவில் முழு மராத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதனைச் சாதனையாக ஏற்கவில்லை. 2025-இல் அவர் மறைந்தார். அவர் ஓடிய தூரத்துக்குச் சாட்சி இருந்தது. பிறந்த நாளுக்கு ஏடு இல்லை. பெயர் எழுதப்படாத டோலிக்காரர்களுக்கு அவரை நாம் உறவினர் என்றே கருதுகிறோம்.

டோலி பழங்கதையாகிவிடவில்லை. சாலை எட்டாத வெள்ளகவி போன்ற கொடைக்கானல் மலைச்சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளை 21-ஆம் நூற்றாண்டிலும் படித்தோம். ஒருகாலத்தில் அந்நியரைச் சுமந்த தோள்கள் இப்போது சொந்த ஊராரைச் சுமந்தன. அதே மலைவழியில் விடுமுறை நாளில் இன்பத்துக்காக ஏறியிறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. விரும்பி ஓடுவது உயர்ந்த செயல். மனிதருக்கு வாய்க்கும் எளிய சுதந்திரங்களில் அது ஒன்று. எல்லாருக்கும் வாய்க்கவேண்டிய சுதந்திரம் என்பதை மட்டும், காலணியின் நாடாவை இறுக்கும்போது ஒருகணம் எண்ணிக்கொண்டால் நல்லது.