பினாஸ்டரைடு

பினாஸ்டரைடு என்பது ஆண்களுக்கு மரபு வழியாக ஏற்படும் வழுக்கையைத் தடுக்கவும், முன்னிற்கும் சுரப்பியின் (புராஸ்டேட்) புற்றல்லாத வீக்கத்தைக் குறைக்கவும் பயன்படும் மருந்தாகும். இது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் (சுருக்கமாக டி.எச்.டி.) என்னும் இயக்குநீர் உடலில் உருவாவதைத் தடுக்கிறது. இம்மருந்தை உட்கொள்வோரில் பெரும்பாலோருக்குத் தொல்லை ஏதும் ஏற்படுவதில்லை. எனினும் பாலுணர்வு, மனநிலை ஆகியவை சார்ந்த பக்க விளைவுகள் சிலருக்கு ஏற்படுகின்றன.

வரலாறு

டொமினிக்கன் குடியரசில், பிறப்பில் பெண் குழந்தைகளாகக் கருதப்பட்ட சிலர் பருவமடையும்போது ஆண்களாக வளர்ச்சியடைந்தனர். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் இவர்களை ஆராய்ந்து, 5-ஆல்பா ரிடக்டேசு என்னும் நொதியின் குறைபாடே இதற்குக் காரணம் என 1974 இல் அறிவித்தனர். இவர்களுக்கு வளர்ந்த பின்னும் முன்னிற்கும் சுரப்பி சிறியதாகவே இருந்தது; வழுக்கையும் விழவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மருந்தை உருவாக்க இதுவே வழிகாட்டியது. மெர்க் நிறுவனத்தின் 5 மி.கி. மாத்திரை (புரோஸ்கார்) 1992 இலும், வழுக்கைக்கான 1 மி.கி. மாத்திரை (புரோப்பீசியா) 1997 இலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றன.

செயற்படும் முறை

5-ஆல்பா ரிடக்டேசு நொதி டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. ஆக மாற்றுகிறது. மரபுவழி வழுக்கை உடையோரின் மயிர்க்கால்களை டி.எச்.டி. படிப்படியாகச் சுருங்கச் செய்கிறது. பினாஸ்டரைடு குருதியில் டி.எச்.டி. அளவை ஏறத்தாழ 70% குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவதில்லை, சற்றே உயர்கிறது. மருந்தை நிறுத்தினால், காத்த முடி ஓராண்டுக்குள் மீண்டும் உதிர்ந்துவிடும். எனவே இது நெடுங்காலம் உட்கொள்ள வேண்டிய மருந்தாகும். பக்க விளைவுகளை முன்கூட்டியே அறிந்திருப்பதன் தேவையும் இதனாலேயே எழுகிறது.

பாலுணர்வு சார்ந்த விளைவுகள்

1 மி.கி. மாத்திரைக்கான ஓராண்டு ஆய்வுகளில், மருந்து உட்கொண்டோரிடமும் மருந்துப்போலி உட்கொண்டோரிடமும் பதிவான விளைவுகள் பின்வருமாறு:

* பாலுணர்வு குறைதல்: 1.8% (மருந்துப்போலி 1.3%)
* விறைப்புக் குறைபாடு: 1.3% (மருந்துப்போலி 0.7%)
* விந்து வெளியேற்றக் குறைபாடு: 1.2% (மருந்துப்போலி 0.7%)

பெரும்பாலோருக்கு இவை மருந்தை நிறுத்தியதும் மறைந்தன. ஆயினும் சிலருக்கு நிறுத்திய பின்னும் நீடித்ததாக வந்த அறிக்கைகளை அடுத்து, 2012 இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் இது சேர்க்கப்பட்டது. இந்நிலை "பினாஸ்டரைடுக்குப் பிந்தைய நோய்க்குறி" என அழைக்கப்படுகிறது. இதன் காரணமும் பரவலும் குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

எதிர்பார்ப்பும் இதில் பங்கு வகிக்கிறது. 5 மி.கி. மருந்து குறித்து 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், பக்க விளைவுகள் பற்றி முன்பே கூறப்பட்டோரில் 43.6% பேரும், கூறப்படாதோரில் 15.3% பேரும் அவற்றை உணர்ந்ததாகத் தெரிவித்தனர். எனினும், நீடித்த விளைவுகள் அனைத்தையும் இதைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது.

மனநிலை சார்ந்த விளைவுகள்

மனச்சோர்வு இம்மருந்தின் பக்க விளைவுகளுள் ஒன்றாக மருந்துக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. தற்கொலை எண்ணம் குறித்த எச்சரிக்கை 2022 இல் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது. 2025 இல் ஐரோப்பிய மருந்துகள் முகமையின் பாதுகாப்புக் குழுவும் தற்கொலை எண்ணத்தைப் பினாஸ்டரைடு மாத்திரைகளின் பக்க விளைவாக உறுதிசெய்தது. மனநிலையில் மாற்றம் தென்பட்டால், வழுக்கைக்காக உட்கொள்வோர் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

பிற விளைவுகளும் எச்சரிக்கைகளும்

* மார்பகம் பெருத்தல், மார்பில் வலி, விதைப்பையில் வலி, தோலில் தடிப்பு ஆகியவை ஏற்படக்கூடும். மார்பில் கட்டி தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
* முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எசு.ஏ. குருதிச் சோதனையின் அளவை இம்மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. சோதனையின்போது மருத்துவரிடம் இதைத் தெரிவிக்காவிடில் நோய் கவனிக்கப்படாமல் போகலாம்.
* ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளக்கூடாது. உடைந்த மாத்திரையைத் தொடுவதும் கூடாது.
* மேற்கண்ட காரணத்தாலேயே, அமெரிக்காவில் இம்மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பின்னரே குருதிக்கொடை அளிக்க முடியும்.

டியூட்டாஸ்டரைடு

இதே வகையைச் சேர்ந்த டியூட்டாஸ்டரைடு, நொதியின் முதல் இரு வகைகளையும் தடுத்து டி.எச்.டி. அளவை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கிறது. பினாஸ்டரைடின் அரைவாழ்வுக் காலம் சில மணி நேரமே. டியூட்டாஸ்டரைடுக்கோ ஏறத்தாழ ஐந்து வாரங்கள். எனவே பக்க விளைவு தோன்றி மருந்தை நிறுத்தினாலும், அது உடலை விட்டு நீங்கப் பல மாதங்கள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* வழுக்கை
* டெஸ்டோஸ்டிரோன்
* முன்னிற்கும் சுரப்பி