நீரின் நாடி

குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்றோர் ஓசை எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஓடிவந்த நீர் தடுக்கப்பட, அதன் வேகம் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாய் வழியே சென்று மீள்வதன் ஒலி அது. 'வாட்டர் ஹேமர்' என்பர் பொறியாளர், நீர்ச்சம்மட்டி எனலாம். வீட்டில் ஓசையோடு நின்றுவிடும் இது, நகரின் பெருங்குழாய்களில் இரும்பையே பிளக்க வல்லது.

மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் இச்சிக்கலை ஆராய்ந்தவர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி. ரஷ்ய வானூர்தியியலின் தந்தை எனப் பின்னாளில் போற்றப்பட்டவரும் இவரே. 1897-98இல் அலெக்சேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் 2, 4, 6 அங்குல விட்டமுள்ள நெடுங்குழாய்களில் நீரை ஓடவிட்டு, வால்வை விரைந்து மூடி, அழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைக் கருவிகளால் பதிவுசெய்தார். கிடைத்த விதி எளியது. நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நீர் இழந்த வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமே அழுத்த உயர்வு. அலை நொடிக்கு 1000 மீட்டர் செல்லும் குழாயில், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உடனே நிறுத்தினால், சுமார் 100 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் கூடும். அலை சென்று திரும்பும் நேரத்தினும் மெல்ல மூடினால் தாக்கம் தணியும். மீண்டுவரும் அலைகளைக் கொண்டே மண்ணுக்கடியில் நீர் கசியும் இடத்தைக் கணிக்கலாம் என்பதையும் அவர் கண்டார்.

இவ்விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் 1883இலேயே யோஹன்னஸ் ஃபொன் க்ரீஸ் என்னும் ஜெர்மானியர் இதே உறவை நிறுவியிருந்தார். அவர் பொறியாளர் அல்லர், உடலியங்கியல் அறிஞர், ஆராய்ந்தது நாடித்துடிப்பை. அவருக்கும் முன்னே, 1808இல், மருத்துவரான தாமஸ் யங் குருதிக்குழாயில் அலை செல்லும் வேகத்தை ஆராய்ந்திருந்தார். 1878இல் டச்சுக் கணித அறிஞர் கோர்ட்டெவெக், நீரின் அமுங்குதன்மையையும் குழாய்ச் சுவரின் மீள்தன்மையையும் சேர்த்தே அவ்வேகத்தைக் கணக்கிட்டார்.

அழிவு தந்த அலை பின்னர் அளவுகோலும் ஆயிற்று. நார்மன் கிப்சன் 1923இல் வெளியிட்ட முறையில், நீர்மின் நிலையக் குழாயின் வாயிலை மூடும்போது எழும் அழுத்தம் நேரத்தோடு வரையப்படுகிறது. அவ்வரைகோட்டின் கீழுள்ள பரப்பிலிருந்து, மூடுமுன் ஓடிய நீரின் அளவு பெறப்படுகிறது. இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

'நாடி' என்னும் ஒரே சொல்லால் குழலையும் துடிப்பையும் சுட்டும் மொழி நம்முடையது. ஆயினும் மருத்துவம் அறிந்ததைப் பொறியியலிடமும், பொறியியல் அறிந்ததை இலக்கியத்திடமும் கேட்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் அரிதே. க்ரீஸின் விடை பொறியாளர் கண்ணில் படாமல் நெடுங்காலம் கிடந்ததற்குக் காரணம் அது கடினமானது என்பதன்று. வேறு துறையின் அலமாரியில் இருந்தது என்பதே.