வீதியில் ஓடுவோரும் விபத்தும்: சட்டம் தரும் பாதுகாப்பு

பொழுது புலரும் முன்னரே வீதிகளில் ஓடிப் பயிற்சி பெறுவோரை இன்று நகரம், கிராமம் என்ற வேறுபாடின்றிக் காண முடிகின்றது. மெய்வல்லுநர் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்த வைத்தியரின் ஆலோசனைப்படி ஓடுவோர் எனப் பலரும் இவர்களுள் அடங்குவர். ஓடுவதற்கென மைதானமோ நடைபாதையோ இல்லாத இடங்களில் பிரதான வீதியே இவர்களது பயிற்சிக் களமாகின்றது. அரையிருளில் வேகமாக வரும் வாகனமொன்று இவர்களில் ஒருவரை மோதிவிட்டால் அக்குடும்பம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. இந்த அறியாமையினால் கிடைக்க வேண்டிய நட்டஈட்டை இழந்தோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை.

விபத்தொன்று நிகழ்ந்ததும் வாகனத்தை நிறுத்துவதும், காயமடைந்தவருக்கு உதவுவதும், பொலிஸாருக்கு அறிவிப்பதும் சாரதியின் சட்டக் கடமைகளாகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதனை விதித்துள்ளது. காயமடைந்தவரின் தரப்பினருக்கும் அவ்வேளையில் சில பொறுப்புகள் உள்ளன. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கலாம். வாகனத்தின் இலக்கத் தகட்டையும், விபத்து நிகழ்ந்த இடத்தையும் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், நேரில் கண்டோரின் பெயர், முகவரிகளைக் குறித்துக்கொள்வதும் பின்னர் பேருதவியாக அமையும். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால் அவற்றை உடனடியாகக் கேட்டுப் பெறுவது நன்று.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவு செய்யப்படுவதை உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டும். காயத்தின் தன்மையைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கையிடுவது இன்றியமையாததாகும். வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தரப்படும் அட்டை, மருந்துப் பற்றுச்சீட்டுகள், வேலைக்குச் செல்லாத நாட்கள் பற்றிய கடிதம் ஆகியன யாவும் பத்திரப்படுத்தப்பட வேண்டியவை. சிறு துண்டுக் காகிதமும் நீதிமன்றத்தில் சான்றாகலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை நாம் விடுக்க விரும்புகின்றோம். பொலிஸ் நிலையத்திலோ வைத்தியசாலைக் கட்டிலருகிலோ சிறு தொகையொன்றைக் கொடுத்து, 'இனி எவ்வித உரிமைக் கோரிக்கையும் இல்லை' என எழுதிக் கையொப்பம் பெறும் வழக்கம் காணப்படுகின்றது. முறிந்த கால் பழைய நிலைக்கு வருமா என்பது அறியப்படாத நிலையில் இடப்படும் அத்தகைய கையொப்பம், பிற்கால நட்டஈட்டுக்கான வாயிலை அடைத்துவிடக்கூடும். சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையின்றி இதனைச் செய்தலாகாது.

விபத்தையடுத்து எழும் வழக்குகள் இருவகைப்படும். கவனயீனமாக வாகனம் செலுத்திய சாரதிக்கு எதிராகப் பொலிஸார் நீதவான் நீதிமன்றில் தொடுப்பது குற்றவியல் வழக்கு. இதில் குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் பணிக்கலாம். மற்றையது, பாதிக்கப்பட்டவர் மாவட்ட நீதிமன்றில் தாமாகவே தொடுக்கும் குடியியல் வழக்கு. எமது நாட்டில் இது உரோமன் டச்சுச் சட்டக் கோட்பாடுகளுக்கமைய நடத்தப்படுகின்றது. வைத்தியச் செலவு, இழந்த வருமானம், எதிர்கால உழைப்பின் இழப்பு, அனுபவித்த வேதனை ஆகியவற்றுக்கு இதன்மூலம் நட்டஈடு கோரலாம். ஓடியவர் உயிரிழந்துவிட்டால் அவரது உழைப்பில் தங்கியிருந்தோரும் வழக்குத் தொடரலாம்.

நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதே பலர் இழைக்கும் தவறாகும். இத்தகைய நட்டஈட்டு வழக்கு, உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கப்பட வேண்டுமென்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. குற்றவியல் வழக்கு நீண்டு செல்வதால் இக்கால எல்லை நீள்வதில்லை. அத்துடன், ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. தீர்ப்பின்படி காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பணம் பெற வேண்டுமாயின், வழக்குத் தொடுக்கும் முன்னரோ, தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். சாரதி வசதியற்றவராயினும் நட்டஈடு கைக்குக் கிட்டும் வழி இதுவே.

'நீர் ஏன் இருளில் வீதியில் ஓடினீர்?' என்பதே எதிர்த்தரப்பின் முதற் கேள்வியாக இருக்கும். இதனைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரிடம் ஓரளவு தவறு இருப்பினும் அவரது கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்படுவதில்லை; அத்தவறின் அளவுக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். ஆயினும், கறுப்பு உடையணிந்து, காதுகளில் இசைக் கருவி மாட்டி, வாகனங்களுக்கு முதுகு காட்டி ஓடுபவரின் வழக்கு பலவீனப்படும் என்பதும் உண்மையே. இடப்பக்கமாக வாகனங்கள் செல்லும் எமது நாட்டில், நடைபாதை இல்லாத வீதியின் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு, ஒளி தெறிக்கும் மேலாடையுடன் ஓடுவது உயிருக்கும் வழக்குக்கும் பாதுகாப்பாகும்.

வழக்குச் செலவுக்கு எங்கே செல்வது எனக் கூலித்தொழிலாளியான ஒரு தந்தை கேட்கலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக ஆலோசனை வழங்குவதுடன் அவர்களுக்காக நீதிமன்றிலும் தோன்றுகின்றது. நாடெங்கிலும் அதற்கு அலுவலகங்கள் உள்ளன. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்த மாணவராயின், பெற்றோர் ஒருவர் அவர் சார்பில் வழக்கை நடத்தலாம்.

பாடசாலை விளையாட்டுப் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியர்களும், விளையாட்டுக் கழகங்களும் இவ்விபரங்களைத் தமது வீரர்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள். அதிகாலையில் பிள்ளையை ஓட அனுப்பும் தாய், அவன் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்திருக்கிறாள். அவன் திரும்பாத ஒரு நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதையாவது அவள் அறிந்திருத்தல் வேண்டும்.