தீர்த்தமலையும் தென்பெண்ணையும்

அரூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ளது தீர்த்தமலை. மலைக்கும் அடிவாரத்து ஊருக்கும் பெயர் ஒன்றே. பெயரில் நீர் நிறைந்திருக்கிறது. நிலத்திலோ அது அரிது. இவ்வூரின் வரலாறு இந்த முரணிலிருந்தே தொடங்குகிறது.

கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி மண் இது. நந்தி மலையில் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியே வரும் தென்பெண்ணை இவ்வட்டாரத்தை ஊடறுத்துச் செல்கிறது. ஆயினும் மேட்டு நிலத்திற்கு அந்த ஆறு கண்ணால் காணும் பொருளே.

தலபுராணம் கூறும் கதை கவிஞர்கள் கூர்ந்து நோக்கத் தக்கது. இராவணனை வென்று மீண்ட இராமன் இங்கே சிவபூசை செய்ய விழைந்தான். கங்கை நீர் கொணரச் சென்ற அனுமன் வரத் தாமதமாயிற்று. இராமன் அம்பெய்தான், பாறை பிளந்து நீர் பொழிந்தது. அதுவே இராமதீர்த்தம். பிந்தி வந்த அனுமன் மனம் நொந்து எறிந்த நீர் பெண்ணைக் கரையில் வீழ, அவ்விடம் அனுமன்தீர்த்தம் ஆயிற்று. உரிய வேளையில் வாராத நீருக்காகக் காத்திருந்து சலித்தவர்களே இத்தகைய கதையைப் புனைந்திருக்க இயலும். காவிரிக் கரையில் பிறக்கக்கூடிய கதையன்று இது! இராமதீர்த்தம் கோடையிலும் வற்றுவதில்லை என்பர். குமார, கௌரி, அகத்திய, அக்கினி தீர்த்தங்களும் மலைமேல் உள்ளன.

மலைமேல் தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை திருக்கோயில் அமைந்துள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இங்குள்ள முருகனைத் திருப்புகழில் பாடினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே இது அதியமான்களின் தகடூர் நாடு. தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் பலவும் ஆநிரை மீட்கப் பொருது மாண்டோர்க்கு எழுப்பப்பட்டவை. நெல்வயல் குறைந்த நாட்டில் மாடே செல்வமாயிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவனிடமே நேரடியாகத் தீர்வை பெறும் இரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்திட்டனர். தீர்வை பணமாகக் குறிக்கப்பட்டது. மழைக்கு அப்படி எவரும் கணக்குக் குறிக்க இயலவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் பெருந்துயர் உற்றது. அந்தச் சேலத்திலிருந்து தருமபுரி 1965இல் தனி மாவட்டமாயிற்று.

1950களில் மேலே கிருஷ்ணகிரி அணையும் கீழே சாத்தனூர் அணையும் எழுந்தன. இரண்டிற்கும் இடைப்பட்ட இப்பகுதியின் மேட்டு நிலங்கள் கிணற்றையே நம்பின. கிணறுகள் ஆழ ஆழ நீரில் புளூரைடு மிகுந்தது. மாவட்டம் முழுவதும் பற்கள் பழுப்பேறின. முதியோர் பலருக்கு எலும்பு வளைந்தது. நிலத்தடியில் சுரந்த நீரே நோயாக மாறியபின், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. பெண்ணை பாயும் மாவட்டத்திற்குக் காவிரி குழாய் வழியே வந்து சேர்ந்தது. இம்முறையும் தொலைவிலிருந்து வந்த நீர் பிந்தியே வந்தது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, அண்டை ஊரான ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. பெண்ணை கரைபுரண்டது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலான நீர் கடலை நோக்கித் திறந்துவிடப்பட்டது.