சுவர் யாருடையது?

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் பஸ்ஸில் போனால், தறிச் சத்தம் ஜன்னல் வழியே கூடவே வரும். அங்கே பெரும்பாலும் ‘கூலிக்கு நெசவு’தான். பாவு நூல் ஜவுளிக்காரருடையது. தறி, கரன்ட் பில், கெட்டுப்போகிற ராத்தூக்கம் எல்லாம் தறிக்காரருடையது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நெய்து முடித்ததும் வண்டி வந்து துணியை ஏற்றிக்கொண்டு போய்விடும். எத்தனையோ பேர் கை பட்ட துணி... ஆனால், நெய்தவர் பெயர் அதில் எங்கேயும் இருக்காது!

பல பேர் கூடிச் செய்கிற எந்த வேலையிலும் இந்தக் கணக்கு உண்டு. ஓவியத்தில்கூட!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு ஒரு நடை போய்வருவோம். அங்கே மழைக்காலத்தில் பொங்குகிற ஓடைகளை அடக்க, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கான்கிரீட் கால்வாய்களைக் கட்டினார்கள். வெள்ளம் நின்றது. கூடவே, ஆறும் செத்துப்போனது! அப்படிப்பட்ட ‘துஜங்கா வாஷ்’ என்ற கால்வாயை அழகுபடுத்தித் தரும்படி, 1974-ல் ஜூடி பாக்கா என்ற இளம் பெண் ஓவியரிடம் கேட்டார்கள். மெக்ஸிகோ வம்சாவளியைச் சேர்ந்தவர். நாலு பூ, இரண்டு பறவை வரைந்து கொடுத்துவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை.

1976 கோடைக்காலம். போலீஸ், கோர்ட் என்று அலைந்துகொண்டிருந்த 80 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார் பாக்கா. கூட ஓவியர்கள், வரலாற்று ஆய்வாளர்கள். பையன்களுக்குச் சம்பளமும் உண்டு. ஒரே கோடையில் 1,000 அடி வரைந்து தள்ளினார்கள்! அப்புறம் 1983 வரை மேலும் நாலு கோடைக்காலங்கள். மொத்தம் 400-க்கும் அதிகமான இளைஞர்கள். சுவர் 2,754 அடிக்கு வளர்ந்தது. கிட்டத்தட்ட அரை மைல்!

சரி, என்ன வரைந்தார்கள்? பாடப்புத்தகம் சொல்லாத கலிஃபோர்னியாவை! இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், 1930-களில் நாடு கடத்தப்பட்ட மெக்ஸிகோ குடும்பங்கள்... முக்கியமாக, ‘சாவேஸ் ரவீன்’. வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லி, 1950-களில் அந்த ஏழைக் குடியிருப்பைக் காலி செய்தார்கள். கடைசியில் அங்கே எழும்பியது பேஸ்பால் ஸ்டேடியம்! ஓவியத்தில் அந்த ஸ்டேடியம், வானத்திலிருந்து இறங்கும் பறக்கும் தட்டு மாதிரி வருகிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள், 2000-லிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டன. பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுபோக, வீடு மட்டும் இங்கே! போதாததற்கு, ‘கண்ணகி நகரா?’ என்று முகவரியைப் பார்த்தே வேலை மறுக்கப்பட்ட அவமானம் வேறு.

2020-ன் தொடக்கத்தில், சென்னை மாநகராட்சியும் ‘ஸ்டார்ட் இந்தியா’ அமைப்பும் சேர்ந்து இங்குள்ள பிளாக்குகளின் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்களைத் தீட்டின. பெயின்ட், ஏஷியன் பெயின்ட்ஸ். அது வரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் கேமராவோடு வந்தார்கள். பின்னால் நம்ம கோவை உக்கடத்துக் குடியிருப்புச் சுவர்களுக்கும் இதே மாதிரி வண்ணம் ஏறியது.

நல்லதுதான். சந்தேகமே வேண்டாம். சாம்பல் சுவரைப் பார்த்து வளரும் குழந்தைக்கும் வண்ணச் சுவரைப் பார்த்து வளரும் குழந்தைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால், கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு. கேட்காமல் இருக்க முடியவில்லை. சுவர் வாரியத்துடையது. பெயின்ட் கம்பெனியுடையது. கைவண்ணம் ஓவியருடையது. அங்கே குடியிருப்பவருடைய பங்கு எது? ஏணிப்படியைப் பிடித்துக்கொள்வதும், கீழே நின்று வேடிக்கை பார்ப்பதும் மட்டும்தானா? தூரிகையை முழுசாக அவர்கள் கையிலேயே கொடுத்தால் எதை வரைவார்கள்? ஒருவேளை, தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியிலிருந்து இறங்கிய அந்த முதல் நாளை வரையலாம். அதைப் பார்க்க நமக்குத் தைரியம் இருக்கிறதா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். எந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காதோ, அதே முகவரியைத் தமிழ்நாடே அன்றைக்குப் பெருமையாக உச்சரித்தது! அந்தப் பெயரைத் துலக்கியது வெளியிலிருந்து வந்த பெயின்ட் டப்பா அல்ல, உள்ளேயிருந்து எழுந்த ஒரு பெண்.

லாஸ் ஏஞ்சல்ஸ் சுவர் 2017-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 2021-ல் மெலன் அறக்கட்டளை தந்த 50 லட்சம் டாலரில் அதை மேலும் நீட்டும் வேலை ஆரம்பமானது. காலம் ஓடினால் கதையும் ஓடத்தானே வேண்டும்! நம்ம ஊர்ச் சுவர்களும் வளரட்டும். ஒரே ஒரு நிபந்தனை... அடுத்த சுவரில் என்ன வரையலாம் என்று முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சுவருக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம்!